தோட்டா நிரப்பும் பொறி: மலிவானதா, விலையுயர்ந்ததா?

நிவித்திகலையிலிருந்து ஒரு பழைய மாணவன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, யாது எழுதுவதென்று சில நாள் சிந்தித்துக்கொண்டிருந்தேன். சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எழுதத் தக்க பெரியார் பலர் நம்மிடையே உளர். யானோ பொறியியல் கற்று, வாழ்நாளிற் பெரும்பகுதியை இயந்திரங்களோடு கழித்தவன். அவ்வேளையிற்றான் கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் ஒன்று வந்தது. அங்கே இலக்குச் சூட்டுக் கழகம் ஒன்றில் அவர் சேர்ந்திருக்கின்றார். சுட்டபின் எஞ்சும் வெற்றுத் தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பிக்கொள்ள ஒரு பொறி வாங்க விரும்புகின்றார். ஐம்பது டாலரை ஒட்டிய விலையிலும் ஒரு பொறி உண்டு. எழுநூறு டாலருக்கு மேற்பட்ட விலையிலும் ஒன்று உண்டு. "எதை வாங்குவது, அண்ணே?" என்பதே அவர் வினா.

இவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை எழுதியிருக்கலாம். ஆயினும் அதைப் படித்தவுடன் என் மனம் அறுபது ஆண்டுகளுக்கு முந்திய நிவித்திகலைக்குச் சென்றுவிட்டது. தோட்டா நிரப்புதலைப்பற்றி யான் முதன்முதலாக அறிந்தது அங்கேதான். அதன் அபாயத்தை அறிந்ததும் அங்கேதான். ஆதலின் விடையைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன். துப்பாக்கியைக் கையாலும் தொடாத மாணவர்க்கும் இதில் அறிந்துகொள்ளத்தக்கது ஒன்று உண்டு என்பது என் நம்பிக்கை.

துரையின் பெட்டி

இரத்தினபுரிக்குத் தெற்கே, சிங்கராசக் காட்டின் வடபுறத்து மலைச்சாரல்களில் நிவித்திகல அமைந்துள்ளது. தேயிலை, றப்பர், மாணிக்கக் குழி ஆகிய மூன்றும் அயலயலே காணப்படும் ஊர் அது. காடு அண்மையில் இருப்பதால் காட்டுப்பன்றியின் தொல்லைக்கும் குறைவில்லை. லயத்து மக்கள் கொல்லையில் நட்ட மரவள்ளியையும் வற்றாளையையும் ஒரே இரவில் உழுது போட்டுவிடும். ஆகவே அக்காலத்தில் தோட்டத்துத் துரையிடத்தில் துப்பாக்கி ஒன்று எப்போதும் இருக்கும். துரை கொடுக்கும் இரண்டொரு தோட்டாக்களுடன் காவற்காரர் இரவிற் காவல் செல்வார்.

என் தந்தையார் அத்தோட்டத்திற் பெரிய கிளாக்கராக இருந்தார். 1964 ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த நாள்களில் தந்தையாருடன் பங்களாவுக்குச் செல்வேன். துரை விறாந்தையில் அமர்ந்து தோட்டா நிரப்பும் காட்சியை அங்கே பலமுறை கண்டிருக்கின்றேன். இங்கிலாந்திலே ஷெப்பீல்டு நகரிற் செய்த கருவிகள் அவரிடம் இருந்தன. மகோகனிப் பெட்டி, உள்ளே பச்சைக் கம்பளித்துணி, பழைய கேப்பைத் தள்ளும் ஊசி, புதிய கேப்பைப் பொருத்தும் நெம்புகோல், தக்கையை இறுக்கும் கட்டை, கடதாசிக் கூட்டின் வாயை உட்புறமாகச் சுருட்டும் கைச்சக்கரம் முதலியன ஒவ்வொன்றும் தத்தம் குழியிலே கிடக்கும். பித்தளை பொன்போல் ஒளிரும். அவற்றோடு, மருந்து அளப்பதற்கு மரப்பிடியுள்ள சிறிய பித்தளைக் கிண்ணம் ஒன்றும் இருந்தது. அதனால் மருந்தை மொண்டு, அட்டையால் தலைதட்டி, கூட்டில் ஊற்றுவார். நம் வீட்டில் அம்மா அரிசியைக் கொத்தால் அளந்து தலைதட்டுவது போலவே அது எனக்குத் தோன்றும்.

அவ்வாண்டு துரை வழக்கமாக வாங்கும் மருந்து கொழும்பிற் கிடைக்கவில்லை. வேறொரு மருந்து தகரத்தில் வந்து சேர்ந்தது. துரை அதே கிண்ணத்தால் அளந்தார். அதே கருவிகளால் தோட்டாவை மூடினார். அன்றிரவு காவற்காரர் சுட்டபோது துப்பாக்கியின் குழல் அறையருகே பிளந்துவிட்டது. அவர் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கத் தந்தையார் சென்றபோது யானும் உடன் சென்றேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: "துரை அளந்துதாங்கையா போட்டாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேனுங்க."

அவர் சொன்னது முழுவதும் உண்மை. துரை அளந்தே போட்டார். கருவிகளும் குறையற்றவை, அக்காலத்திற் பணம் கொடுத்து வாங்கக்கூடியவற்றுள் மிகச் சிறந்தவை. அங்ஙனமாகவும் விரல்கள் போயின. அஃது ஏன் என்று விளங்கிக்கொண்டால், மலிவானதா விலையுயர்ந்ததா என்ற வினாவுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா ஒன்றுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, யாவற்றையும் தாங்கும் கூடு. இரண்டாவது, அதன் அடியில் அமர்ந்து, அடிபட்டவுடன் தீப்பொறி எழுப்பும் கேப்பு. மூன்றாவது, எரிந்து வாயுவாக விரியும் மருந்து. நான்காவது, வெளியே பாயும் குண்டு. பன்றி சுடும் பன்னிரண்டாம் இலக்கத் துப்பாக்கியாயின் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக ஈயச் சன்னங்களும், மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே தக்கையும் இருக்கும். சுட்டபின் கேப்பும் மருந்தும் குண்டும் ஒழிகின்றன. கூடு மட்டும் எஞ்சுகின்றது. றைபிள் தோட்டாவில் விலைமிக்க பகுதி பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூடே. அதை எறியாது மீண்டும் பயன்படுத்துவதே மீள்நிரப்புதல்.

இத்தொழில் ஐந்து படிகளில் நடைபெறுகின்றது. சுட்டபோது விரிந்த கூட்டை உருக்கு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருதலும், அவ்வேளையிலேயே எரிந்த கேப்பை வெளியே தள்ளுதலும் முதற்படி. புதிய கேப்பைப் பொருத்துதல் இரண்டாவது, மருந்திடுதல் மூன்றாவது, குண்டை அதன் ஆழமறிந்து அமர்த்துதல் நான்காவது, வேண்டியவிடத்துக் கூட்டின் வாயைக் குண்டோடு இறுக்குதல் ஐந்தாவது. இவற்றுள் முதற்படிக்கே பெருவிசை வேண்டும். விரலால் அழுத்தி முடிவதன்று. அதற்காகவே நெம்புகோலுடைய பொறி தோன்றிற்று.

இப்பொறியின் வரலாறு எளிய கருவியிலிருந்தே தொடங்குகின்றது. அமெரிக்காவிலே 1884 இல் யோன் பார்லோ என்பார் தொடங்கிய ஐடியல் கம்பனியார் விற்ற கருவி நம்மவர் வீட்டுப் பாக்குவெட்டியை ஒத்தது. இரு பிடிகளையும் கையால் நெருக்க, இடையே வைத்த கூடு அச்சுக்குட் செல்லும். 1943 இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பிறெட் ஹன்ரிங்ரன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் மேசையிற் பூட்டும் வலிய பொறிகளாற் புகழ்பெற்றது. ஜோய்ஸ் ஹோர்ணடி 1949 இல் நெப்ராஸ்காவிற் குண்டு வார்க்கத் தொடங்கிப் பின்னர்ப் பொறிகளும் செய்யும் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1958 இல் றிச்சட் லீ விஸ்கொன்சினில் தொடங்கிய தொழிலோ ஏழையின் பக்கம் நின்றது. கொட்டாப்புளியால் தட்டித் தட்டியே தோட்டா நிரப்பக்கூடிய சிறு கருவித் தொகுதியை அவர் மலிவு விலைக்கு விற்றார். அரிசோனாவில் மைக் டிலன் தொடங்கிய நிறுவனம், போட்டிகளில் ஆயிரக்கணக்கிற் சுடுவோருக்கென விரைந்து நிரப்பும் விலையுயர்ந்த பொறிகளைச் செய்தது. இன்று கடையில் மலிவுக்கு எடுத்துக்காட்டாக லீ பொறிகளையும், விலைக்கு எடுத்துக்காட்டாக டிலன் பொறிகளையும் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

மூவகைப் பொறிகள்

விலையைப்பற்றிப் பேசுமுன் வகையைப்பற்றி அறிதல் வேண்டும். பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

முதல் வகை ஒற்றைப் பொறி. இதிலே ஒரு நேரத்தில் ஓர் அச்சே பூட்டப்படும். நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு கூட்டுக்கு ஒரு வேலை நடக்கும். ஐம்பது கூடுகளுக்கும் முதற்படியை முடித்து, அச்சை மாற்றி, அடுத்த படிக்குச் செல்லவேண்டும். பழகியவர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஐம்பது தோட்டாக்கள் நிரப்புவர்.

இரண்டாம் வகை சுழல்தலைப் பொறி. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் ஒரு வட்டத் தலையிற் பூட்டப்பட்டிருக்கும். கூடு நின்ற இடத்திலேயே நிற்க, தலை சுழன்று ஒவ்வோர் அச்சாகக் கூட்டின்மேல் வந்து நிற்கும். அச்சை அடிக்கடி கழற்றும் வேலை இல்லை. மணிக்கு நூறு, நூற்றைம்பது தோட்டாக்கள் இயலும்.

மூன்றாம் வகை தொடர்பொறி. இதிலே நான்கு அல்லது ஐந்து கூடுகள் ஒரு வட்டத் தட்டில் நிற்கும். நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு வேலை ஒருங்கே நடைபெறும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா முழுமைபெற்று வெளியே விழும். மணிக்கு நானூறு என்பது இதற்குப் பெரிதன்று. சிலவற்றில் தட்டைக் கையாற் சுழற்றவேண்டும்; டிலன் 550 அத்தகையது. சிலவற்றில் தட்டு தானே சுழலும். டிலன் 750, ஹோர்ணடியின் தொடர்பொறி முதலியன இவ்வினத்தவை.

ஆகவே ஐம்பது டாலருக்கும் எழுநூறு டாலருக்கும் உள்ள வேற்றுமை, மட்டமான பொருளுக்கும் உயர்ந்த பொருளுக்கும் உள்ள வேற்றுமையன்று. பெரும்பாலும் அது ஒற்றைப் பொறிக்கும் தொடர்பொறிக்கும் உள்ள வேற்றுமை. மாட்டுவண்டியையும் லொறியையும் நிறுத்தி, எது நல்லது என்று கேட்பது போன்றது அவ்வொப்பீடு. ஏற்றவேண்டிய சுமை யாதென்று அறியாமல் அதற்கு விடை கூறல் இயலாது.

விலையில் அடங்கியவை

ஒரே வகைக்குள் ஒப்பிடுவோமாயின், கூடிய விலைக்கு என்ன கிடைக்கின்றது? முதலாவது, உறுதியான சட்டகம். பெரிய றைபிள் கூட்டை அச்சுக்குள் அழுத்தும்போது சட்டகத்தின்மேல் வரும் விசை மிகுதி. இலேசான அலுமினியச் சட்டகம் அவ்வேளையில் மயிரிழையளவு வளைந்து கொடுக்கும். வளைந்தால் கூடு முழுவதும் பழைய அளவுக்கு வாராது. துப்பாக்கியின் அறைக்குள் இடும்போது இறுகும். வார்ப்பிரும்புச் சட்டகத்தில் இக்குறை அரிது. சட்டகத்தின் உருவமும் நோக்கத்தக்கது. ஒரு பக்கம் திறந்த வளைவைவிட, நாற்புறமும் மூடிய வளையம் விசைக்கு நன்கு ஈடுகொடுக்கும்.

இரண்டாவது, மேலும் கீழும் செல்லும் தண்டு ஆட்டமின்றி நேராகச் செல்லுதல். அது சாய்ந்து சென்றால் குண்டும் கூட்டிற் சாய்ந்தே அமரும்; தொலைவிலுள்ள இலக்கில் அச்சாய்வு தெரியும். மூன்றாவது, உதிரிப் பாகங்களும் உத்தரவாதமும். சில நிறுவனத்தார் பல்லாண்டு கழிந்த பின்னரும் தேய்ந்த பாகத்தை மாற்றித் தருகின்றனர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மலிவு என்றால் அலுமினியம், விலை என்றால் இரும்பு என்று கொள்ளுதல் தவறு. மலிவுப் பொறிக்குப் பேர்பெற்ற லீ நிறுவனத்தாரே வார்ப்பிரும்பில் வலிய ஒற்றைப் பொறி ஒன்றும் செய்கின்றனர்; அதன் விலை, தொடர்பொறி விலையிற் சிறுபங்கே. கைத்துப்பாக்கியின் குறுகிய கூடுகளை மட்டும் நிரப்புபவருக்கு அலுமினியமே போதும். பெரிய றைபிள் கூடுகளை நிரப்புபவர் சற்றுக் கூடக் கொடுத்து இரும்பு வாங்குக.

இன்னுமொரு செய்தி வாங்குவோர்க்கு ஆறுதலளிப்பது. பெரும்பாலான பொறிகளில் அச்சு பூட்டும் துளையின் அளவு ஒன்றே: எட்டில் ஏழு அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 14 புரியும். ஆகவே இன்று மலிவுப் பொறிக்கென வாங்கிய அச்சுகளை நாளை பெரும்பாலான விலையுயர்ந்த பொறிகளிலும் பூட்டலாம். தன் அச்சையன்றிப் பிறவற்றை ஏற்காத பொறிகளும் சில உண்டு. வாங்குமுன் அதை மட்டும் கேட்டறிக.

கணக்கு

இனி, கடிதம் எழுதிய நண்பர் பொருட்டு ஒரு சிறு கணக்கு. அவர் மாதம் நாற்பது தோட்டா சுடுபவர் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 480. மணிக்கு ஐம்பது வீதம் ஒற்றைப் பொறியில் நிரப்பினால் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொடர்பொறியில் நிரப்பினால் ஒன்றேகால் மணி. ஓராண்டு முழுவதிலும் மிஞ்சுவது ஏறக்குறைய எட்டரை மணி நேரம். அவ்வளவுக்காக நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கவேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

வாரம் ஐம்பது சுடுபவர்க்கு ஆண்டில் ஏறக்குறைய 2,500 தோட்டா வேண்டும். ஒற்றைப் பொறியில் ஐம்பது மணி. தொடர்பொறியில் ஆறேகால் மணி. இவர் சுழல்தலைப் பொறியைக் கருதலாம். வாரந்தோறும் போட்டிகளில் ஐந்நூறு சுடுபவர்க்கோ ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தையாயிரம் வேண்டும். ஒற்றைப் பொறியில் அது ஐந்நூறு மணி. அவருக்குத் தொடர்பொறி ஆடம்பரமன்று, அவசியமே. தோட்டாவின் அளவை மாற்றுந்தோறும் தொடர்பொறியில் தட்டையும் பிறவற்றையும் மாற்றிச் சரிபார்க்கும் நேரத்தையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்க. பல்வகைத் தோட்டாக்களைச் சிறிது சிறிதாக நிரப்புபவர்க்கு அந்நேரமே இலாபத்தை விழுங்கிவிடும்.

அபாயம் உறையும் இடம்

இதுவரை கூறியது பணமும் நேரமும் பற்றியது. இனிக் கூறுவது விரலும் கண்ணும் பற்றியது.

பழைய கருமருந்து கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். இருமுறை ஊற்றினால் வழிந்து காட்டிக் கொடுக்கும். 1884 இல் பிரான்சிய வேதியியலாளர் போல் வியேய் புகையற்ற மருந்தைச் செய்தபின் நிலைமை மாறிற்று. புதிய மருந்து சிறிதளவே போதும். 1898 இல் தோன்றிய .38 ஸ்பெஷல் போன்ற நீண்ட கூட்டில் இன்றைய மருந்து அடியிலே சிறிதளவே கிடக்கும். அதில் இருமுறை ஊற்றினாலும் வழியாது. கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. மருந்து இருமடங்கானால் அழுத்தம் இருமடங்கோடு நில்லாது, அதனினும் மிகும். பன்னிரண்டாம் இலக்கத் தோட்டாவுக்கு அமெரிக்க நியமத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தல்; .308 றைபிள் தோட்டாவுக்கு 62,000 இறாத்தல். முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நிகழ்வது இது.

இதற்கு எதிர்மறையான பிழையும் உண்டு. மருந்தே இடாது விட்டால் கேப்பின் விசையால் மட்டும் குண்டு குழலின் நடுவே சென்று சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

இப்பிழைகள் எப்பொறியில் எளிதில் நிகழும்? ஒற்றைப் பொறியில் நிரப்புபவர் ஐம்பது கூடுகளையும் குழிகளுள்ள ஒரு மரப்பலகையில் வரிசையாக நிறுத்துவார். பார்வைக்கு அது பல்லாங்குழியை ஒத்தது. யாவற்றிலும் மருந்து இட்டபின், குண்டு வைக்குமுன், விளக்கைப் பிடித்து ஐம்பதையும் ஒருங்கே நோக்கலாம். ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தால் அயலில் நிற்பவையே அதைக் காட்டிக்கொடுக்கும். மெதுவான இம்முறையின் பெரும்பயன் இதுவே. கையாற் சுழற்றும் தொடர்பொறியிலோ, வேலை நடுவில் தொலைபேசி மணி அடித்து எழுந்து சென்றவர், திரும்பி வந்து தட்டைச் சுழற்றாமலே நெம்புகோலை இழுத்தால், ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழும். அடுத்த கணம் குண்டு அதை மூடிவிடும்.

விலையுயர்ந்த பொறிக்கும் நீதி செய்தல் வேண்டும். ஐந்து நிலையமுள்ள, தானே சுழலும் தொடர்பொறியில், மருந்தின் மட்டத்தைத் தொட்டறிந்து, மிகினும் குறையினும் ஒலியெழுப்பும் காவற் கருவியைப் பூட்ட ஒரு நிலையம் கிடைக்கின்றது. இங்கே கூடுதற் பணம் பாதுகாப்பையே வாங்குகின்றது. ஆயினும் அவ்வொலி பெரும்பிழையையே உணர்த்தும். சிறுபிழைக்கு அது தராசாகாது. அதை நம்பிக் கவனம் தளர்பவர்க்கு அதனாற் பயனில்லை.

கொத்தும் தராசும்

இப்போது துரையின் கிண்ணத்துக்குத் திரும்புவோம். ஒரு கொத்து அரிசியும் ஒரு கொத்து தவிடும் அளவில் ஒன்றே, நிறையில் ஒன்றல்ல. அக்காலத்துப் புகையற்ற மருந்துகளில் இருவகை உண்டு. ஒருவகை, பழைய கருமருந்தின் கிண்ணத்தாலேயே அளக்கக்கூடியதாகப் பருமனாகச் செய்யப்பட்டது. மற்றையது அடர்ந்தது, அதே கிண்ணத்தில் மிகக் கூடிய நிறை கொள்ளும். முன்னதற்குரிய கிண்ணத்தாற் பின்னதை அளந்ததே துரை செய்த பிழை. தவிட்டுக்கு வைத்த கொத்தால் அரிசியை அளந்துவிட்டார். ஷெப்பீல்டுக் கருவிகள் அப்பிழையை மிக அழகாகச் சுருட்டி மூடிக் கொடுத்தன.

இதைத் தடுத்திருக்கக்கூடிய கருவி ஒன்றே: தராசு. பொறிக்குச் செலவிட எண்ணும் பணத்தில் ஒரு பங்கை முதலில் நல்ல தராசுக்கு ஒதுக்குக. மருந்தை நிறுக்கும் அலகு கிறெயின். அஃது ஏறக்குறைய 64.8 மில்லிகிராம். நம் இரத்தினபுரியார்க்கு இதை விளக்குவது எளிது. மாணிக்கம் நிறுக்கும் கரட் 200 மில்லிகிராம். ஆகவே ஒரு கரட்டில் மூன்று கிறெயினுக்குச் சற்று மேல் அடங்கும். முத்து வணிகரும் கிறெயின் என்பர். அது கரட்டில் நாலிலொன்று, அஃதாவது 50 மில்லிகிராம். பெயர் ஒன்று, பொருள் வேறு. கிறெயினையும் கிராமையும் மாறிக் கொள்வது இதனினும் கொடிது. ஒரு கிராமிலே பதினைந்து கிறெயினுக்கு மேல் உண்டு. மின்தராசில் அலகை மாற்றும் பொத்தான் இருப்பதால், ஒவ்வொரு முறையும் நிறை தெரிந்த கட்டி ஒன்றை வைத்துப் பார்த்த பின்னரே மருந்தை நிறுக்கவேண்டும். பத்திலொரு கிறெயின் வரை காட்டும் தராசு போதும். மாணிக்க வியாபாரி கல்லை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்குவமே இதற்கும் வேண்டும்.

முடிவுரை

ஆகவே நண்பருக்கு என் விடை இது. முதலில், மருந்து செய்தவரும் குண்டு செய்தவரும் வெளியிடும் அளவு நூலை வாங்குக. அதிற் சொல்லப்பட்ட மருந்துக்குப் பதிலாக வேறொன்றை அதே அளவில் ஒருபோதும் இடற்க. இரண்டாவது, நல்ல தராசு வாங்குக. மூன்றாவது, மலிவாயினும் வார்ப்பிரும்பாலான ஒற்றைப் பொறி ஒன்றை வாங்கி, ஓராண்டு அதில் தொழில் பழகுக. மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு தகரம் மருந்துக்கு மேல் வைக்கற்க. வேலை நடுவில் எவரேனும் அழைத்தால், மருந்திட்ட கூடுகளைத் திரும்பவும் கொட்டி, முதலிலிருந்து தொடங்குக. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக. ஓராண்டின்பின் தோட்டாக்களின் தொகை உம்மை நெருக்கினால், அப்போது விலையுயர்ந்த பொறிக்குச் செல்க. முதலில் வாங்கியதும் வீண்போகாது. சிறு வேலைகளுக்கு அது மேசையில் என்றும் இருக்கும்.

இங்கே சட்டத்தைப்பற்றியும் ஒரு சொல். கனடாவில் உரிய துப்பாக்கி உரிமம் உடையவர் சொந்தப் பாவனைக்குத் தோட்டா நிரப்ப இடமுண்டு. மருந்தைச் சேமித்து வைப்பதற்கு விதிகளும் உண்டு. நம் நாட்டு நிலை வேறு. 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. உரிமமின்றி மருந்து வைத்திருப்பதும் தோட்டா செய்வதும் குற்றம். காட்டோரங்களில் இன்றும் கட்டுத்துவக்கு வைப்போர் உளர். பன்றிக்கு வைத்தது மனிதனையும் சிறுத்தையையும் கொல்கின்றது. இக்கட்டுரையை அத்தகைய முயற்சிக்குத் துணையாக எவரும் கொள்ளற்க.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை அதற்கு முன்னரே ஊர் திரும்பிவிட்டார். மகோகனிப் பெட்டியும் அவரோடு போயிற்று. காவற்காரர் எஞ்சிய மூன்று விரல்களோடு பல்லாண்டு மருந்துக் கிடங்கிற் காவல் இருந்தார். அது தேயிலைக்குத் தெளிக்கும் மருந்து. அங்கே சாமான் நிறுக்க வருவோரிடம், "கிண்ணத்தில அளக்காதீங்க, தராசில போடுங்க" என்று வற்புறுத்துவாராம். ஏன் என்று கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுவாராம்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்ததைப் பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார். படிக்கற்களை விரலாற் தொடக்கூடாது, சாவணத்தாலேயே எடுக்கவேண்டும். கதவைச் சாத்திய பின்பே முள்ளைப் பார்க்கவேண்டும். மறந்து விரலால் தொட்டவன் அன்று வாங்கில் ஏறி நிற்பான். அக்கண்டிப்பின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. விரலில் உள்ள வியர்வை என்ன நிறை இருக்கப்போகின்றது என்று எமக்குள் நகைத்துக்கொண்டோம். அதே ஆண்டு விடுமுறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றபோதுதான் விளங்கிற்று. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்ற பழமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அளவு எது என்பதை எதனால் அறிவது என்று கேட்கக் கற்பித்தது அந்தக் கண்ணாடிப் பெட்டி. இன்று அவ்வாய்வுகூடத்திற் பயிலும் தம்பிமாரும் தங்கைமாரும் அதனருகே நிற்கும்போது சற்றுப் பொறுமையோடு நிற்பாராக.